ஃபோக் ராக் கேட்கத் தொடங்குவது எப்படி: ஜோடி ஜோடியாக ஒரு வழி

நாட்டார் பாட்டும் ராக் இசையும் கலந்த வகைதான் ஃபோக் ராக். அந்தப் பெயரில் தேடினால் முதலில் கிடைப்பது நூறு பாட்டு கொண்ட ஒரு பிளேலிஸ்ட். பாப் டிலன் வருவார், அடுத்து மம்ஃபோர்டு அண்ட் சன்ஸ் வருவார்கள், நடுவில் ஐரிஷ் குடிப்பாட்டு ஒன்றும் தலைகாட்டும். பத்துப் பாட்டு ஓடியதும் எல்லாமே ஒரே கிடார் சத்தமாகத் தோன்ற ஆரம்பிக்கும். அந்த வழி வேண்டாம். ஒரு பாட்டின் பழைய வடிவத்தையும், அதில் மின்சாரம் ஏறிய பிறகு, அதாவது எலக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸும் சேர்ந்த பிறகு, வந்த வடிவத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எது மாறியது, எது மாறாமல் நின்றது என்று காதே சொல்லிவிடும். வரலாற்றைத் தனியாகப் படிக்க வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இருக்காது.

தொடங்குமுன் இரண்டு சின்ன ஏற்பாடுகள். போனின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இந்த இசையில் புதிதாக வந்து சேர்ந்தவை பேஸ் கிடாரும் டிரம்ஸும். அதில் பேஸ் போன் ஸ்பீக்கரில் கிட்டத்தட்ட காணாமலே போய்விடும். சாதாரண இயர்போன் போதும். அப்புறம், பாட்டு வரிகளைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இவை பெரும்பாலும் கதை சொல்லும் பாட்டுகள். கதை புரியாமல் கேட்டால் பாதிதான் கேட்டதாகும். ஒரு நாளைக்கு ஒரு ஜோடி போதும்.

முதல் ஜோடி: ஒரு பெண்ணின் பாட்டு பையனின் பாட்டான கதை

1937-ல் ஆலன் லோமாக்ஸ் என்ற பாடல் சேகரிப்பாளர் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மிடில்ஸ்பரோ என்ற ஊருக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு போனார். அங்கே ஜார்ஜியா டர்னர் என்ற 16 வயதுப் பெண் பாடிக் கொடுத்த பாட்டுதான் ‘ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்’. நியூ ஆர்லியன்ஸில் ஒரு வீட்டில் சிக்கிச் சீரழிந்த பெண்ணின் புலம்பல் அது. அதற்கு முன்பே, 1933-ல், கிளாரன்ஸ் ஆஷ்லி அதை இசைத்தட்டில் பாடியிருக்கிறார். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. நாட்டார் பாட்டு என்றால் அப்படித்தான்.

இப்போது பாப் டிலனின் 1962 முதல் தொகுப்பில் இருக்கும் வடிவத்தைக் கேளுங்கள். ஒரு கிடார், ஒரு குரல். டிலன் ஆண்தான், ஆனால் ‘நான் ஒரு ஏழைப் பெண்’ என்றே பாடுகிறார். பாட்டின் உரிமை அந்தப் பெண்ணுக்குத்தான் என்பதை அவர் மாற்றவில்லை. உடனே அடுத்ததாக தி அனிமல்ஸ் என்ற ஆங்கிலேயக் குழு 1964 மே மாதம் லண்டனில் ஒரே டேக்கில் பதிவு செய்த வடிவத்தைப் போடுங்கள். ஹில்டன் வாலண்டைனின் எலக்ட்ரிக் கிடார் ஒவ்வொரு தந்தியாகச் சுழன்று சுழன்று வரும், கீழே பேஸ் நடக்கும், ஆலன் பிரைஸின் ஆர்கன் கொஞ்சம் கொஞ்சமாகக் கொதிக்கும். எரிக் பர்டன் பாடும்போது அந்தப் பெண் பையனாகிவிட்டாள். சூதாடியாக இருந்த காதலன் இப்போது சூதாடி அப்பா. அன்றைய வானொலிக்கு ஏற்ற திருத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பாட்டின் நீளத்தை அவர்கள் வெட்டவில்லை: சுமார் நாலரை நிமிடம். அந்தக் காலத்து வானொலிக்கு அது மிக அதிகம். இருந்தும் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. அமெரிக்காவில் நிறுவனம் சுருக்கி வெளியிட்ட தட்டும் முதலிடம் பிடித்தது.

இதன் பின்கதை வேடிக்கையானது. டிலன் பாடிய அந்த இசை அமைப்பு, நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் காபிக் கடைகளில் பாடிக்கொண்டிருந்த டேவ் வான் ராங்க் உருவாக்கியது. கேட்காமலே டிலன் அதைப் பதிவு செய்துவிட்டார். அதன்பின் வான் ராங்க் அந்தப் பாட்டைப் பாடினால் ‘டிலன் பாட்டைக் காப்பியடிக்கிறார்’ என்றார்கள், அவர் பாடுவதை நிறுத்தினார். அனிமல்ஸ் வந்த பிறகு டிலன் பாடினால் ‘அனிமல்ஸ் பாட்டு’ என்றார்கள், அவரும் நிறுத்தினார். அனிமல்ஸ் இசைத்தட்டில் இசையமைப்பு என்ற இடத்தில் ஆலன் பிரைஸ் பெயர் மட்டும் அச்சானதால் அந்த வருமானம் அவருக்கு மட்டும் போனது. குழுவில் மற்றவர்களின் மனக்கசப்பு வெகுகாலம் நீடித்தது. யாருடையதும் அல்லாத பாட்டில் யார் பெயர் போடுவது என்ற இந்தச் சண்டை ஃபோக் ராக் போன இடமெல்லாம் கூடவே போயிருக்கிறது.

கிடார் கற்றுக்கொண்டிருப்பவர்களுக்கு: ஏ மைனர், சி, டி, எஃப். இந்த வரிசையில் ஆரம்பித்தால் இன்றைக்கே வாசிக்கத் தொடங்கிவிடலாம்.

இரண்டாவது ஜோடி: ஒரே குரல், இரண்டு வடிவம்

ஒரே ஒரு ஜோடிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். சைமன் அண்ட் கார்ஃபங்கலின் ‘த சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்’. 1964 அக்டோபரில் வந்த அவர்களின் முதல் தொகுப்பில் அது இரண்டு குரலும் மின்சாரம் இல்லாத அக்கூஸ்டிக் கிடாரும் மட்டுமே. தொகுப்பு விற்கவில்லை. இருவரும் பிரிந்தார்கள், பால் சைமன் இங்கிலாந்துக்குப் போய்ச் சின்னச் சின்ன கிளப்களில் பாடிக்கொண்டிருந்தார்.

அமெரிக்காவில் சில வானொலி நிலையங்களில் மட்டும் அந்தப் பாட்டுக்குக் கொஞ்சம் வரவேற்பு தெரிந்தது. கொலம்பியா நிறுவனத்தில் அதைத் தயாரித்த டாம் வில்சன் 1965 ஜூன் 15 அன்று ஸ்டுடியோவில் இருந்த கலைஞர்களைப் பிடித்து, பழைய ஒலிநாடாவின் மேலேயே எலக்ட்ரிக் கிடார், பேஸ், டிரம்ஸ் மூன்றையும் ஏற்றினார். பாடியவர்கள் இருவருக்கும் தெரியாது. டிலனின் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ ஒலிப்பதிவு தொடங்கியதும் அதே நாளில்தான், தயாரிப்பாளரும் அதே வில்சன்தான். 1966 ஜனவரியில் பாட்டு அமெரிக்காவில் முதலிடம். பிரிந்த இருவரும் மறுபடி சேர்ந்தார்கள்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது டிரம்ஸின் மீது மட்டும் கவனம் வையுங்கள். அக்கூஸ்டிக் வடிவத்தில் சைமன் தாளக் கணக்குப் பார்த்து வாசிக்கவில்லை. வரியின் உணர்ச்சிக்கேற்ப லேசாக நிற்கிறார், லேசாக ஓடுகிறார். தனியாக இருக்கும்போது அது தெரியாது. பின்னால் வந்த டிரம்மருக்கோ முடிந்துபோன குரலைத் துரத்த வேண்டிய வேலை. சில இடங்களில் தாளம் ஒரு நொடி தயங்கிக் குரலுக்கு வழிவிடுவது கேட்கும். நாட்டார் பாடகரின் மூச்சுக்கும் ராக் தாளத்தின் கறாருக்கும் இடையே உள்ள இழுபறி இவ்வளவு அப்பட்டமாக வேறு எங்கேயும் அகப்படாது. எனக்கு அக்கூஸ்டிக் வடிவம்தான் பிடிக்கும், ஆனால் எலக்ட்ரிக் வடிவத்தில்தான் அந்தப் பாட்டுக்கு ஒரு பயம் வந்து சேர்ந்தது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது ஜோடி: பன்னிரண்டு தந்தி

1964-ல் பீட்டில்ஸ் நடித்த படத்தில் ஜார்ஜ் ஹாரிசன் கையில் இருந்த 12 தந்தி ரிக்கன்பேக்கர் கிடாரைப் பார்த்து, கலிஃபோர்னியாவில் ரோஜர் மெக்வின் என்ற நாட்டார் பாடகர் தானும் ஒன்று வாங்கினார். அவர் இருந்த தி பேர்ட்ஸ் குழு 1965 ஜனவரி 20 அன்று டிலனின் ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ பாட்டைப் பதிவு செய்தது. ஏப்ரலில் வெளிவந்து ஜூனில் முதலிடம் பிடித்தது. அந்தக் கோடையில்தான் அமெரிக்க இசைப் பத்திரிகைகள் ‘ஃபோக் ராக்’ என்ற பெயரையே எழுத ஆரம்பித்தன.

முதலில் டிலனின் வடிவம், அப்புறம் பேர்ட்ஸ். டிலன் ஐந்தரை நிமிடம், நான்கு சரணம், வார்த்தைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வரும். பேர்ட்ஸ் இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. நான்கு சரணத்தில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம், முன்னும் பின்னும் பல்லவி. வார்த்தைக்காகவே புகழ்பெற்ற ஒருவரின் பாட்டில் முக்கால்வாசி வார்த்தையைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் கிடாரின் மணியோசையையும் மூன்று குரல்களின் ஒத்திசைவையும் வைத்தார்கள். தொடக்கத்தில் வரும் அந்தச் சில நொடிக் கிடாரைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். பின்னால் வந்த எத்தனையோ குழுக்கள் அதிலிருந்துதான் பிழைத்தன.

ஒரு சின்னத் தகவல்: இந்தப் பதிவில் பேர்ட்ஸ் குழுவினரில் வாத்தியம் வாசித்தது மெக்வின் மட்டுமே. டிரம்ஸில் ஹால் பிளெய்ன், பேஸில் லாரி நெக்டெல். இருவரும் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக்களில் சம்பளத்துக்கு வாசித்தவர்கள். அடுத்த ஆண்டு இதே குழு ரவி சங்கரின் சிதாரிலும் ஜான் கோல்ட்ரேனின் ஜாஸிலும் மயங்கி ‘எய்ட் மைல்ஸ் ஹை’ பாட்டைத் தந்தது. அதையும் ஒரு தடவை கேட்டுவையுங்கள்.

நான்காவது ஜோடி: ஒரே கச்சேரியின் இரண்டு பாதிகள்

1965 ஜூலை 25, நியூபோர்ட் நாட்டார் இசை விழா. டிலன் எலக்ட்ரிக் கிடாரோடு மேடையேறி மூன்று பாட்டு பாடியதும் கூச்சல். மூத்த நாட்டார் பாடகர் பீட் சீகர் கோடாலியால் ஒயரை வெட்டப்போனார் என்ற கதையை நீங்கள் கட்டாயம் எங்காவது படிப்பீர்கள். கோடாலி எதுவும் இல்லை. ஒலி சிதறிப்போய் வார்த்தையே கேட்கவில்லை என்ற ஆத்திரத்தில், கோடாலி இருந்திருந்தால் ஒயரை வெட்டியிருப்பேன் என்று சொன்னதாக அவரே பின்னால் விளக்கினார். கூட்டம் கத்தியது மின்சாரத்துக்காகவா, மோசமான ஒலிக்காகவா, பாட்டு மூன்றோடு முடிந்ததற்காகவா என்பதில் அங்கே இருந்தவர்களே இன்றுவரை ஒத்துப்போவதில்லை. உண்மையிலேயே கைகலப்பு நடந்தது அதே விழாவில் இன்னொரு இடத்தில்: எலக்ட்ரிக் புளூஸ் குழு ஒன்றை மட்டம்தட்டி அறிமுகப்படுத்தியதற்காக ஆலன் லோமாக்ஸும் டிலனின் மேலாளர் ஆல்பர்ட் கிராஸ்மனும் மண்ணில் புரண்டு சண்டை போட்டார்கள். இருவருமே நல்ல பருமன்.

கேட்பதற்கு நியூபோர்ட்டைவிட மான்செஸ்டர் சிறந்தது. 1966 மே 17, ஃப்ரீ டிரேட் ஹால். முதல் பாதியில் டிலன் தனியாக அக்கூஸ்டிக் கிடாரோடு. அரங்கம் மூச்சுவிடாமல் கேட்கிறது. இரண்டாம் பாதியில் பின்னால் தி பேண்ட் என்று பெயர் பெற்ற குழுவோடு எலக்ட்ரிக். ஒருவர் ‘ஜூடாஸ்!’, அதாவது இயேசுவைக் காட்டிக்கொடுத்த துரோகி, என்று கத்துகிறார். டிலன் ‘நான் உன்னை நம்பமாட்டேன், நீ பொய்யன்’ என்று பதில் சொல்லிவிட்டு ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ தொடங்குகிறார். திருட்டுப் பதிவுகளில் வெகுகாலம் ‘ராயல் ஆல்பர்ட் ஹால்’ என்று தவறான பெயரில் சுற்றி, 1998-ல்தான் முறையாக வெளிவந்தது. தேடும்போது அந்தப் பெயரிலும் தேடுங்கள்.

ஐந்தாவது: கடல் தாண்டி இங்கிலாந்து

பலர் அமெரிக்காவோடு நிறுத்திவிடுவார்கள். என் கணக்கில் இந்த இசையின் உச்சம் இங்கிலாந்தில்தான். அமெரிக்கர்கள் பெரும்பாலும் தாங்களே எழுதிய புதுப் பாட்டை எலக்ட்ரிக் ஆக்கினார்கள். ஆங்கிலேயர்கள் நூற்றாண்டுப் பழைய கதைப்பாடலை எடுத்து அதன் எலும்பை உடைக்காமல் ராக் ஆக்கினார்கள். அது இன்னும் கடினமான வேலை.

நுழைவதற்கு ஒரு சின்ன ஜோடி: ஆங்கிலேய நாட்டார் பாடகர் மார்ட்டின் கார்த்தி 1965-ல் பதிவு செய்த ‘ஸ்கார்பரோ ஃபேர்’, அப்புறம் சைமன் அண்ட் கார்ஃபங்கல் 1966-ல் தந்த வடிவம். லண்டனில் கார்த்தியிடம் இருந்துதான் சைமன் அதைக் கற்றார். தட்டில் கார்த்தியின் பெயர் இல்லை. கசப்பு பல ஆண்டுகள் இருந்து, 2000-ல் லண்டன் மேடையில் இருவரும் அதைச் சேர்ந்து பாடியதில் தீர்ந்தது.

இனி ஃபேர்போர்ட் கன்வென்ஷன். 1967-ல் வடக்கு லண்டனில் தொடங்கிய இந்தக் குழு முதலில் அமெரிக்கப் பாணியைத்தான் பின்பற்றியது. 1968-ல் நாட்டார் கிளப்களில் பாடிப் பழகிய சாண்டி டென்னி சேர்ந்தார். பழைய பாட்டுகளும் அவரோடு வந்தன. கார்த்தியின் 1966 தொகுப்பில் ‘செய்லர்ஸ் லைஃப்’ இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு, ஃபேர்போர்ட்டின் 1969 தொகுப்பான ‘அன்ஹாஃப்பிரிக்கிங்’கில் உள்ள அதே பாட்டைப் போடுங்கள். 11 நிமிடம். காணாமல் போன மாலுமிக் காதலனைத் தேடிக் கடலில் இறங்கும் பெண்ணின் கதை. ஆரம்பத்தில் டிரம்ஸின் சிம்பல் தட்டு அலைபோல் மெல்ல வந்து வந்து போகும், டென்னி அவசரமே இல்லாமல் பாடுவார், கதை முடிந்த பிறகு ரிச்சர்ட் தாம்ப்சனின் கிடாரும் டேவ் ஸ்வார்பிரிக்கின் வயலினும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு நிமிடக்கணக்கில் போகும். டிரம்ஸில் இருந்தவர் மார்ட்டின் லேம்பிள். அந்தத் தொகுப்பு கடைக்கு வருமுன்பே, 1969 மே 12 விடியற்காலையில், பர்மிங்ஹாம் கச்சேரி முடித்துத் திரும்பும் வழியில் எம் 1 நெடுஞ்சாலையில் அவர்களின் வேன் கவிழ்ந்தது. லேம்பிளும் உடன் வந்த தோழி ஒருவரும் இறந்தார்கள். லேம்பிளுக்கு வயது 19.

மிஞ்சியவர்கள் அதுவரை தாங்கள் மேடையில் வாசித்துவந்த பாட்டுகளை இனி வாசிப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். ஹாம்ப்ஷயரில் ஒரு கிராமத்து வீட்டை வாடகைக்கு எடுத்துக் கோடை முழுக்க ஒத்திகை. பேஸ் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ், நாட்டார் பாடல்களின் காப்பகமான லண்டன் சிசில் ஷார்ப் ஹவுஸில் போய் உட்கார்ந்து பழைய பாட்டுகளைத் தோண்டினார். ஸ்வார்பிரிக் நிரந்தர உறுப்பினரானார், டிரம்ஸுக்கு டேவ் மட்டாக்ஸ் வந்தார். 1969 டிசம்பரில் ‘லீஜ் அண்ட் லீஃப்’ வெளிவந்தது. தயாரிப்பாளர் ஜோ பாய்ட். நான்கு ஆண்டுக்கு முன் நியூபோர்ட்டில் டிலன் எலக்ட்ரிக் வாசித்தபோது மேடைப் பொறுப்பில் இருந்தவர் அவர்தான்.

அதில் ‘மேட்டி குரோவ்ஸ்’ பாட்டுக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். முதலில் அமெரிக்கப் பாடகி ஜோன் பயஸ் 1962-ல் ஒற்றைக் கிடாரோடு பாடியது, பிறகு ஃபேர்போர்ட். பிரபுவின் மனைவி கோயிலுக்கு வந்த ஏழை இளைஞனை வீட்டுக்கு அழைக்கிறாள். வேலைக்காரன் ஓடிப்போய்ப் பிரபுவிடம் சொல்கிறான். பிரபு வந்து கட்டில் அருகே நின்று, தன்னிடம் உள்ள இரண்டு வாளில் நல்லதை அந்த இளைஞனுக்கே கொடுத்துச் சண்டைக்கு அழைக்கிறான். இளைஞன் செத்தான். யாரை இப்போது பிடிக்கிறது என்று கேட்கிறான் மனைவியை, செத்தவனைத்தான் என்கிறாள், அவளையும் கொல்கிறான். கடைசியில் இருவரையும் ஒரே குழியில் புதைக்கச் சொல்லிவிட்டு, என் மனைவியை மேலே வையுங்கள், அவள் உயர்குலம் என்கிறான். டென்னி இந்த வரியை எந்த அழுத்தமும் கொடுக்காமல் பாடிக் கடந்துவிடுவார். கொலையிலும் குலம் பார்க்கிற அந்தக் குரூரம் அதனாலேயே உறைக்கிறது. கதை முடிந்ததும் குழு நிற்காமல் வேகம் பிடித்து வாத்தியங்களோடு மட்டும் ஓடும். டிரம்ஸைக் கவனியுங்கள்: மட்டாக்ஸ் பழைய நடன மெட்டின் நடையைத்தான் பிடிக்கிறார், அதன் மேல் ராக் உட்காருகிறது. இன்னொன்று, ஃபேர்போர்ட் பயன்படுத்திய மெட்டு ‘ஷேடி குரோவ்’ என்ற அமெரிக்க மலைநாட்டுப் பாட்டினுடையது. இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் போன கதைக்கு அமெரிக்க மெட்டு.

இதற்குப் பிறகு வேகமாகப் போகலாம். ஹட்சிங்ஸ் விலகித் தொடங்கிய ஸ்டீலி ஸ்பேன் 1975-ல் ‘ஆல் அரவுண்ட் மை ஹேட்’ மூலம் பிரிட்டிஷ் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை போனது. கொஞ்சம் ஜிகினா, ஆனால் மேடி பிரையரின் குரலுக்காகக் கேட்கலாம். பிரான்சின் பிரிட்டனி பகுதியில் அலன் ஸ்டிவெல் யாழோடு ராக் குழுவைச் சேர்த்தார். 1972-ல் பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் நடந்த கச்சேரிப் பதிவு கிடைக்கிறது. அயர்லாந்தின் ஹார்ஸ்லிப்ஸ் 1973-ல் ‘டியரக் டூம்’ பாட்டில் பழைய படைநடை மெட்டு ஒன்றை அப்படியே கிடார் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு, ஆக்கியது. 1982-ல் லண்டனில் தொடங்கிய தி போக்ஸ் இதையெல்லாம் பங்க் என்ற முரட்டு ராக்கின் வேகத்தில் அடித்து நொறுக்கினார்கள், நல்ல நொறுக்கல்.

ஆறாவது: துருக்கிக்குப் போகாமல் விடாதீர்கள்

ஃபோக் ராக் ஆங்கிலத்தின் சொத்து என்ற எண்ணம் இங்கே கலையும். துருக்கியின் ஹுரியத் பத்திரிகை 1965-ல் ‘ஆல்டின் மிக்ரோஃபோன்’, அதாவது தங்க ஒலிவாங்கி, என்ற போட்டியைத் தொடங்கியது. மேற்கத்திய வாத்தியம் இருக்கலாம், பாட்டு துருக்கியில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கிராமத்துப் பாட்டுகள் ராக் மேடைக்கு வர அது ஒரு பெரிய உந்துதல். 1967 போட்டியில் ஜெம் கராஜா, நாட்டார் கவிஞர் எம்ராவின் வரிகளைப் பாடி இரண்டாமிடம் பெற்றார். எர்கின் கொராய், நீண்ட கழுத்துள்ள பாலாமா என்ற நாட்டு வாத்தியத்தையே எலக்ட்ரிக் ஆக்கினார். கராஜா 1980 ராணுவ ஆட்சிக்குப் பின் நாடு திரும்ப முடியாமல் ஜெர்மனியில் தங்கி, குடியுரிமை பறிக்கப்பட்டு, 1987-ல்தான் திரும்பினார். பாடகி செல்தா பாஜானின் 1976 தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். மொழி தெரியாமலே கோபம் புரியும்.

நம் பக்கம் வந்தால், 1970களின் நடுவில் கொல்கத்தாவில் மொஹினேர் கோராகுலி குழு, வங்க நாடோடிப் பாடகர்களின் பவுல் பாட்டையும் ராக்கையும் சேர்த்தது. தமிழில் லா பொங்கல் குழுவில் அந்தோணி தாசன் பாடியவற்றைக் கேளுங்கள். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை கண்ட தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் ராப்பையும் ராக்கையும் சேர்த்தது. கேட்கும்போது பறையையும் டிரம்ஸையும் தனித்தனியே பின்தொடருங்கள். பறை முன்னால் போய் டிரம்ஸ் பின்னால் வரும் இடங்களில்தான் பாட்டு நிமிர்கிறது என்பது என் காது சொல்வது. உங்கள் காது வேறு சொல்லலாம்.

இனி நீங்களே ஜோடி தேட

தட்டின் பின்னட்டையிலோ செயலியின் விவரப் பகுதியிலோ பாடலாசிரியர் பெயருக்குப் பதில் ‘டிரெடிஷனல்’ என்று இருந்தால், அந்தப் பாட்டுக்கு ஒரு பழைய வடிவம் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் என்ற ஹார்வர்டு பேராசிரியர் 305 கதைப்பாடல்களைத் தொகுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார். பாட்டின் பெயர் ஊருக்கு ஊர் மாறும், எண் மாறாது. சைல்ட் 81 என்று தேடினால் மேட்டி குரோவ்ஸ் எத்தனை பெயரில் இருந்தாலும் வந்து நிற்கும். இங்கிலாந்தின் ஸ்டீவ் ரவுட் தொகுத்த எண் பட்டியல் இன்னும் பெரியது. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

முதலில் தேட ஓர் எண் வேண்டுமென்றால் 39. தேவதைகளின் ராணியிடம் சிக்கிய காதலனை ஒரு பெண் விடாமல் பிடித்துக்கொண்டு மீட்கும் கதை. ஆங்கிலேயப் பாடகி ஆன் பிரிக்ஸ் 1971-ல் எந்த வாத்தியமும் இல்லாமல் பத்து நிமிடம் தனிக்குரலில் பாடியிருக்கிறார், ‘யங் டாம்ப்லிங்’ என்ற பெயரில். ‘லீஜ் அண்ட் லீஃப்’பில் அதே கதை ‘டாம் லின்’. காலவரிசைப்படி ஃபேர்போர்ட்தான் முன்னால் வந்தது, ஆனாலும் ஆன் பிரிக்ஸை முதலில் கேளுங்கள். பொறுமை போதாமல் இடையில் நிறுத்தினாலும் பரவாயில்லை, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஃபேர்போர்ட்டை மட்டும் அதை முடித்த பிறகு போடுங்கள்.